சிவப்புக் கோடு போட்ட பெட்டி

ஆரஞ்சுப் பழக் கிடங்கில் எல்லோரும் அவரை 'டாக்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால், பழத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்கத் தொட்டியில் மருந்தும் மெழுகும் கலக்குகிறவர் அவர்தான். தின்னப் போகிறவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் மருந்து கொடுக்கிற கைராசிக்காரர்!

தொட்டிக்கு ஒரு மூடி மருந்து என்கிறது சட்டம். முதலாளியோ, "கப்பல்ல போற பழம், டாக்டர். கொஞ்சம் தாராளமா ஊத்துங்க" என்பார். தாராள மனசுக்காரரான டாக்டர் மூன்று மூடி ஊற்றுவார். யாராவது முகம் சுளித்தால் போதும், "அட, ஒண்ணும் பண்ணாதுய்யா! நான் கேரண்டி" என்று மார்தட்டுவார்.

அப்படிப்பட்ட மகானுபாவர், தன் வீட்டுக்கு மட்டும் தொட்டிப் பக்கமே போகாத பழமாகப் பொறுக்கி, பெட்டியில் சிவப்புச் சாக்பீஸால் கோடு போட்டு வைப்பார். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து அவர் மகள் இப்போதுதான் உண்டாகியிருந்தாள். கேரண்டியெல்லாம் அடுத்தவன் வீட்டுப் பிள்ளைக்குத்தானே!

அன்று காலை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார் உணவுப் பாதுகாப்பு அதிகாரி. பரிசோதனைக்குப் பழம் வேண்டுமாம். முதலாளிக்கு வியர்த்துக் கொட்டியது. சிவப்புக் கோட்டுப் பெட்டி கண்ணில் பட்ட பிறகுதான் போன உயிர் திரும்பியது. அதிகாரியும் கொடுத்த பெட்டியை வாங்கி, சீல் வைத்து, நன்றி சொல்லிக் கிளம்பினார். அவ்வளவு கறாரான மனிதர்!

டாக்டர் பின்கட்டில் தொட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முதலாளியும் நன்றி மறக்கிறவர் இல்லை. கப்பலுக்குக் கட்டிவைத்திருந்த பழத்தில் முதல் தரமாகப் பார்த்து ஒரு பெட்டி நிரப்பி, அதிலும் ஒரு சிவப்புக் கோடு இழுத்து, டாக்டர் வீட்டுக்கு வண்டியில் அனுப்பிவிட்டார். ஒன்றும் பண்ணாது என்று டாக்டரே சொல்லும்போது அவருக்கென்ன கவலை?

சாயங்காலம் டாக்டர் வீட்டுக்குள் நுழைந்ததும், மகள் எதையோ மென்றுகொண்டே சொன்னாள்: "அப்பா, இந்தத் தடவை பழம் என்னமா பளபளக்குது!"

டாக்டர் ஓடிப்போய்ப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். தொட்டியில் முங்காத பழம் எங்கே பளபளக்கும்?

"எத்தனை பழம்மா சாப்பிட்டே?"

"பழம் எனக்கு இப்பப் பிடிக்கலப்பா. தோலைத்தான் சர்க்கரைப் பாகுல போட்டு மதியத்துலேர்ந்து தின்னுக்கிட்டிருக்கேன்."

"துப்பு! முதல்ல துப்பும்மா!"

"ஏம்ப்பா? ஒண்ணும் பண்ணாதுன்னு ஊருக்கெல்லாம் கேரண்டி குடுப்பீங்களே?"

"அது... ஊருக்கும்மா" என்றார் டாக்டர். அழுதேவிட்டார்.

மகள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். தட்டில் ஒரு துண்டுத் தோல்கூட மிச்சமில்லை.