மாதுளையில் விழுந்த மச்சம்

மோகனூரிலும் தமிழ்தான் பேசுகிறார்கள் என்று நம்பித்தான் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறினேன். போன வாரம் விடிகாலையில் வீட்டுக்காரி பாவாயி கிணற்றடியிலிருந்து கூப்பிட்டாள்: "ஏனுங்க வாத்தியாரே, உங்க மாதுளம்பழத்துல மச்சம் உழுந்திருக்குதுங்க."

மச்சம் என்றால் நமக்கு மீன். அதைத் தொடாத வீடு எங்கள் வீடு. அம்மா ஈரச் சாக்கில் சுற்றித் தந்த பதியன் இங்கே மரமாகி இந்த வருஷம்தான் காய்த்திருக்கிறது. எவரோ மீன் கழுவின தண்ணீரை அதன் அடியில் ஊற்றிவிட்டார்கள் என்று ஓடிப்போய், குனிந்து மண்ணை மோந்து பார்த்தேன். பாவாயி என்னைப் பரிதாபமாகப் பார்த்து, தன் கன்னத்துக் கறுப்புப் புள்ளியைத் தொட்டுக் காட்டினாள். அதுதான் இவர்களுக்கு மச்சமாம். நிமிர்ந்து பார்த்தால், பழங்களின் தோலில் தவிட்டு நிறத்தில் திட்டுத் திட்டாகப் புள்ளிகள்.

மத்தியானத்துக்குள் தெருவே வைத்தியராகிவிட்டது. கண்ணேறு என்றார் ஒருவர். கிரகணத்தில் பூத்த பூ என்றார் இன்னொருவர். பி.ஏ. படித்த எங்கள் தலைமையாசிரியர் மிளகாய் சுற்றிப் போடச் சொன்னார், அதற்கு பி.ஏ. எதற்கு? ஊரிலே இருந்து இதை வாசித்துச் சிரிப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். எங்கள் தென்னை பட்டுப்போனபோது, கோடு கச்சேரியில் இங்கிலீஷில் வாதாடும் என் சித்தப்பா, செய்வினை என்று வீட்டைச் சுற்றி வளவெல்லாம் கிண்டினார். துருப்பிடித்த தகரப் பேணி ஒன்று அகப்பட்டது. அதை இன்னும் பூட்டி வைத்திருக்கிறார்.

பாவாயியின் தீர்ப்புத்தான் எல்லாவற்றிலும் மோசம். "கடல் தாண்டி வந்த செடிங்க, மண்ணு ஒட்டலீங்க. எங்க எலுமிச்சைக்குத் தொத்தறதுக்குள்ள நாளைக்கு வெட்டிப்போடலாமுங்க." நிலம் அவளுடையது. வெட்டென்றால் வெட்டுத்தான்.

பழம் பழமாகத் திருப்பிப் பார்த்தேன். இலைக்குள் ஒளிந்தவற்றில் ஒரு புள்ளியுமில்லை. மேற்கு வெயிலுக்கு முகம் காட்டியவற்றில் அந்தப் பக்கம் மட்டும் கருகியிருந்தது. அவள் முன்னாலேயே ஒன்றைப் பிளந்தேன். உள்ளே முத்துகள் சிவப்பாக இருந்தன, புழுவுமில்லை, அழுகலுமில்லை. வெயில் சுட்ட வடு, வேறொன்றுமில்லை. இத்தனை வைத்தியரில் ஒருவருக்கும் பழத்தைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

பாவாயி நாலு முத்தை வாயில் போட்டு மென்றாள். "ருசி நல்லாத்தானுங்க இருக்குது. நம்மூரு வெயிலுதான் ஆகலீங்க. உங்களாட்டவே." போன விடுமுறையில் ஊருக்குப் போனபோது, அம்மா என் கறுத்த முகத்தைத் தடவி, ஏதோ நோயென்று பயந்து, இதென்ன வருத்தம் என்று கேட்டது ஞாபகம் வந்தது.

மரம் தப்பியது. யாழ்ப்பாணத்து வேட்டி ஒன்றைக் கிழித்துத் தந்தேன். இருவரும் பழங்களுக்கு முக்காடு கட்டினோம். முடிப்பதற்குள் ஆற்றுக்குப் போன ஒருத்தி வேலியோரம் நின்று, எந்தச் சாமிக்கு நேர்ந்து கட்டின துணி என்று கேட்டாள். வெயிலைப் பற்றிய என் பிரசங்கம் நாக்கு நுனியில் நின்றது. பாவாயி முந்திக்கொண்டாள்: "வாத்தியாரு ஊருச் சாமிக்குங்க."

வேலியோரம் நின்றவள் குடத்தை இறக்கிவைத்து, துணிகள் தொங்கிய மேற்குப் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் ஊர் தென்கிழக்கே இருக்கிறது. ஊரார் பிழையெல்லாம் திருத்துகிறவன், அதை மட்டும் திருத்தாமல் கடைசி முடிச்சை இறுக்கினேன்.