சடங்கு நாளில் நிறுத்திய குளிசை

அம்மாள் அடியார்களே, முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு டொக்டர் தந்த மருந்துக் குளிசையைக் கொடுத்தால் கண்ணகி அம்மாள் கோபிப்பா என்று நம்பியவன் நான். ஒரு சுவரை இரண்டு மேசன்மாரிடம் கொடுத்தால் முதல் மேசன் முறைத்துக்கொண்டு போய்விடுவான். நானும் மேசன்தான், அப்படிப் போயிருக்கிறேன். அம்மாளையும் என்னைப்போலவே நினைத்துவிட்டேன்.

மகள் யதுஷாவுக்கு ஒன்பது வயது. ஓட்டிசம், மதியிறுக்கம் என்பார்கள். பேச்சு இல்லை. போன வருடம் தலையைச் சுவரில் இடிக்கத் தொடங்கினாள். நெற்றி வெடித்து மூன்று தையல். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் மனநல டொக்டர் அம்மா குளிசை எழுதினார்.

"இது ஓட்டிசத்த மாத்தாது. தன்னத்தானே அடிக்கிறதக் குறைக்கும். பசி கூடும், நிறை கூடும். மாசாமாசம் கொண்டுவந்து காட்டுங்க."

குளிசை தொடங்கியபின் இடிப்பது குறைந்தது. வைகாசியில் கண்ணகி அம்மாள் கோயில் கதவு திறந்து வருடாந்தச் சடங்கு தொடங்கியது. வீட்டில் மீன், இறைச்சியை நிறுத்தினோம். மனைவிக்குத் தெரியாமல் நான் குளிசையையும் நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் மீண்டும் இடித்தாள். சுவருக்கும் அவளுக்கும் நடுவே நின்றேன். என் வயிற்றில் இடித்தாள். சுவரில் தலையணை கட்டினேன், அவிழ்த்தேன், திருநீறு பூசினேன், இருந்தேன், எழும்பினேன். சுவரையே உடைத்துவிடலாம் என்று சம்மட்டிகூடத் தேடினேன். நான் கட்டிய சுவர்!

மகளை மனைவியிடம் விட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். "அம்மாளே, எனக்கு ஒண்டும் விளங்குதில்ல, வழிய காட்டு" என்று அழுதேன். அங்கே பூசை செய்யும் கட்டாடியார் பக்கத்தில் குந்தியிருந்து எதையோ விழுங்கித் தண்ணீர் குடித்தார்.

"என்ன அது?"

"பிரஷர் குளிசை மனே. இது இல்லாம நான் எப்பிடி அம்மாளத் தூக்கிற?"

"அம்மாள் கோவிக்க மாட்டாவா?"

"கோவிச்சா என்னத்தான் முதல்ல கதவுக்கு வெளிய போட்டிருப்பா!"

என் அழுகைக்கு வந்த பதில் அதுதான். வீட்டுக்கு ஓடி மனைவியிடம் ஒப்புக்கொண்டேன்.

"உங்கட பயத்துக்கும் ஒரு குளிசை கேட்டு வாங்குங்க" என்றாள்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் அம்மா நன்றாக ஏசினார். "நிப்பாட்டுறதெண்டா என்னட்டக் கேட்டு நிப்பாட்டுங்க." அவர் சொன்ன அளவில் மறுபடி தொடங்கினோம்.

அம்மாளே, உனக்குக் கோடி நன்றி. இப்போதும் தினமும் கும்பிடுகிறேன், குளிசையைக் கையில் வைத்துக்கொண்டே. என்னைப்போல் நடுங்குகிறவர்களே, அவவை நம்புங்கள். நம்பி, டொக்டரிடமும் போங்கள்.

யதுஷா இன்னும் பேசவில்லை. நிறை மூன்று கிலோ கூடியிருக்கிறது. சாப்பாட்டைக் கவனிக்கிறோம். கிழமைக்கு ஒரு தரம் தலையை இடிக்கப் பார்க்கிறாள். நடுவில் கையை வைத்தால் நிறுத்திவிடுகிறாள்.