ராட்டினம் தள்ளிய சாயங்காலம்

எங்கள் குடும்பங்களில் பெண் பார்ப்பது என்றால் பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் கிடையாது. கண்டோன்மெண்டில் மாதா கோயில் திருவிழா வரும்போது இரண்டு வீட்டாரும் தற்செயலாகச் சந்திப்பதுபோல் சந்திப்பார்கள். பெரியவர்கள் மழையைப் பற்றிப் பேசுவார்கள். அதற்குள் பையனும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பெண்ணின் பதில் இரண்டு நாள் கழித்து வரும்.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஏற்கெனவே இரண்டு இடத்திலிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முதல் பெண் நான் ரொம்ப ஒல்லி என்றாளாம். இரண்டாவது பெண் காரணமே சொல்லவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. இதுவும் தட்டிப்போனால் இனிமேல் யார் வாசலையும் மிதிக்கப்போவதில்லை என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எனக்கோ, அல்சூரிலிருந்து வந்த இந்தப் பெண்ணைத் தூரத்தில் பார்த்த உடனேயே மனசு போய்விட்டது. தன் அக்காவின் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். "இன்னும் ஒரு கை போடுய்யா" என்று கடலைக்காரனை அதட்டிக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் அவளை ராட்டினத்துக்கு இழுத்துப் போயின. நடுவில் ஒரு கம்பம், அதிலிருந்து நாலு பக்கமும் நீண்ட நாலு மரக்கைகள், ஒவ்வொரு கையிலும் ஒரு மரக்குதிரை. குதிரையைத் தாண்டி ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைப் பிடித்து, எதிரெதிராக இரண்டு ஆள் தள்ளவேண்டும். அன்றைக்கு ஓர் ஆள் சாப்பிடப் போய்விட்டான். அவன் வரட்டும் என்று ராட்டினக்காரர் பீடி பற்றவைத்தார். குதிரைமேல் ஏறியிருந்த பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. நான் கோட்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "நான் தள்ளுறேன்" என்று போய் அவள் ஏறியிருந்த குதிரையின் மரக்கை முனையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒல்லி என்ற பேரை அன்றோடு ஒழித்துவிடுவதாக எண்ணம். மூச்சைப் பிடித்துத் தள்ளினேன். கம்பம் கிறீச்சிட்டது, ராட்டினம் நகர்ந்ததோ நத்தைபோல. எதிர்ப்பக்கம் அறுபது வயது ராட்டினக்காரர் பீடியை விடாமலே தள்ளிக்கொண்டிருந்தார். "இன்னா வாத்யாரே, கம்பத்தச் சாய்க்கப் போறீங்களா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் அவள் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "சார், என்னப் பாத்துக்கினு தள்ளினா இது சுத்தாது. போற வழியப் பாத்துத் தள்ளுங்க."

எனக்கு முகமெல்லாம் அசடு வழிந்தது. அவள் சொன்னது அத்தனையும் நிஜம். அவள் எனக்கு உள்பக்கம், கம்பம் இருக்கும் திசையில் இருந்தாள். முகம் எங்கே திரும்பியதோ அங்கேயே தோளும் சாய்ந்து, என் பலமெல்லாம் மரக்கையின் நீளவாட்டில் கம்பத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. கம்பத்தை நோக்கிப் போகிற பலம் எதையும் சுற்றாது. மரக்கைக்குக் குறுக்கே, வட்டத்தின் ஓரமாகப் போகிற பலம்தான் சுற்றும். இதை நான் பிழைப்பாகச் சொல்லிக்கொடுக்கிறவன். அதே வாரம் வகுப்புக் கதவைப் பிடித்து, விளிம்பிலிருந்து கீலை நோக்கி யானை முட்டினாலும் கதவு திறக்காது, குறுக்கே ஒரு விரலால் தள்ளினால் திறந்துவிடும் என்று நாற்பது பிள்ளைகளுக்குக் காட்டியிருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சரிதான்.

அவளைப் பார்க்கக் கிடைத்த நேரமே அவ்வளவுதான். இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எதிரே கொடிமரம், பிறகு மெழுகுவத்திக் கடை, பிறகு அம்மாவின் கையில் என் கோட்டு, மறுபடி கொடிமரம். மரக்கை சொன்னபடி கேட்டது. ராட்டினம் பிய்த்துக்கொண்டு சுற்றியது, பிள்ளைகள் கூவின. அவள் சிரித்தாளா, முகம் சுளித்தாளா, எனக்குத் தெரியாது. மூச்சு வாங்கி நான் நிமிர்ந்தபோது அவள் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தாள்.

போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன். அந்த இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை அவளுடைய அப்பா வந்து, பெண்ணுக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டு ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனார்.

கல்யாணமாகி ஒரு மாதம் கழித்து, ஊரே சிரித்த ஒருத்தனை எதற்காகக் கட்டிக்கொண்டாய் என்று அவளிடம் கேட்டேன். பரிதாபப்பட்டேன் என்பாள் என்றுதான் நினைத்தேன். கிழிந்த சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவேயில்லை.

"எங்க ஊட்டு ஆம்பளைங்களுக்கு நான் எவ்வளவோ சொல்லியிருக்கேன். ஒருத்தராவது காதுல வாங்கினதில்ல. நீங்க ஒரு தடவ சொன்னதுமே கேட்டீங்க."