நோபுயோ வீட்டிலிருந்து புறப்பட்ட படகு

நாகசாகியில் பேய்களுக்குப் பஞ்சமில்லை. டச்சுக்காரர், சீனர், ரஷ்யர் என்று கடல் கொண்டுவந்து இறக்கிய அத்தனை பேருக்கும் இந்த மலைச்சரிவுகளில் கல்லறை உண்டு. கல்லறை இருந்தால் கதையும் இருக்கும். கதை இல்லாத இடங்களுக்கு நோபுயோ இருந்தாள்.

மீனை அரைத்து அவித்துக் கட்டியாக்கும் தொழிற்சாலையில் வாயை மூடிக்கொண்டு காலம் தள்ளியவள், ஓய்வுபெற்ற பிறகுதான் வாயைத் திறந்தாள். மஞ்சள் கொடி ஒன்றைப் பிடித்தபடி சுற்றுலாக்காரர்களைச் சரிவுகளில் ஏற்றி இறக்கும் வழிகாட்டியானாள். 'டச்சுக்காரர் சரிவு' எனப்படும் பாதையில் ஒற்றைச் செருப்போடு நடக்கும் மாலுமியின் ஆவி அவளுடைய சொந்தத் தயாரிப்பு. அந்த மாலுமிக்கு இன்னொரு வழிகாட்டி ஒரு காதலியையும் சேர்த்துச் சொல்வதை ஒருநாள் கேட்டாள். வெளியே கோபம், உள்ளூரப் பெருமை.

அவளுக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. குளிர்காலத்தில் கணவர் கென்சாகு நுரையீரல் கெட்டு இறந்துபோகும் வரை.

டிராம் ஓட்டியவர் அவர். வீடோ வண்டி ஏறாத கற்படிகளின் உச்சியில். இறந்த மறு வாரத்திலிருந்து சாயங்காலம்தோறும் படிகளில் அவர் நடை கேட்டது. வளைவில் நின்று இருமுவார், மூச்சு வாங்குவார், பிறகு கதவு வரை வருவார். திறந்தால் யாரும் இல்லை. முதல் தடவை அரிசி களைந்த கையோடு கதவைச் சாத்தித் தாழிட்டாள். பிறகு பழகிவிட்டது. இருமல் கேட்டதும் சூப்பை அடுப்பில் வைத்தால், அவர் கதவுக்கு வரும்போது சூடாக இருக்கும். இதை மட்டும் அவள் எந்தச் சுற்றுலாக்காரருக்கும் சொன்னதில்லை.

ஆகஸ்டில் சிக்கல் வந்தது. ஊர் வழக்கப்படி, அந்த வருடம் இறந்தவருக்கு அந்த மாதம் பதினைந்தாம் தேதி வீட்டார் மூங்கிலாலும் பலகையாலும் படகு செய்து, விளக்கேற்றி, வெடிச்சத்தத்தோடு தெருவழியே இழுத்துப்போய் மறு உலகுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் போனதுதான். கொழுந்தன் மசாதோஷி அண்ணனுக்காக டிராம் வடிவிலேயே ஒரு படகு செய்துவிட்டான்.

"அண்ணி, நீங்கதான் முன்னால நடக்கணும்."

"அன்னைக்கு எனக்கு வேலை இருக்கு. ஒசாகாவுலேர்ந்து ஒரு கூட்டம் வருது."

"புருஷன வழியனுப்புறத விட ஊர்சுத்திக் காட்டுறது பெருசாப் போச்சா?"

"அவருக்கு வெடிச்சத்தமே ஆகாதுடா. பாதி வழியில இறங்கி ஓடி வந்துருவாரு."

"செத்தவருக்குக் காது கேக்குமா அண்ணி?"

"கேக்காதவருக்கு எதுக்கு இவ்வளவு வெடி வாங்கி வச்சிருக்க?"

மசாதோஷி படகில் வைக்க அண்ணனின் படத்தை வாங்கிக்கொண்டு முணுமுணுத்தபடி போனான். தான் உடன் நடக்காவிட்டால் கென்சாகு படகில் ஏறமாட்டார் என்று நோபுயோ கணக்குப் போட்டிருந்தாள்.

பதினைந்தாம் தேதி மாலை தெருவெல்லாம் புகை. ஒசாகாக்காரர்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏன் மேடம், இது சாவா, கல்யாணமா?" என்று ஒரு பருத்த அம்மாள் கத்தினாள்.

"சாவுதான்மா. அழுறவங்க வீட்டுலயே அழுதுட்டு வந்துருவாங்க."

"அங்க பாருங்க, டிராம் மாதிரி ஒண்ணு! யாரு வீட்டுது?"

நோபுயோ கொடியால் முகத்தை மறைத்துக்கொண்டாள். படகு அவள் எதிரே வந்ததும் அதன் சக்கரம் டிராம் தண்டவாளத்தின் பள்ளத்தில் சிக்கி நின்றது. ஆண்கள் தூக்கினார்கள், தள்ளினார்கள். அசையவில்லை.

"பாத்தீங்களா, ரிட்டயர் ஆகியும் அண்ணன் தண்டவாளத்த விட மாட்டேங்குறாரு!" என்றான் மசாதோஷி. கூட்டம் சிரித்தது.

அந்தச் சிரிப்பையும் வெடியையும் மீறி நோபுயோவுக்கு இருமல் கேட்டது. வளைவில் கேட்கும் அதே இருமல். நுரையீரல் கெட்டுச் செத்த மனிதரை, செத்த பிறகும் தினமும் அத்தனை படி ஏற வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சூப்பைச் சூடாக்கி வைத்ததை அன்பு என்று நினைத்திருந்தாள்.

கொடியைப் பருத்த அம்மாளின் கையில் திணித்தாள். "இதக் கொஞ்சம் பிடிங்கம்மா. எல்லாரையும் ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

"நீங்க எங்க போறீங்க?"

"அது என் வீட்டுக்காரரு."

படகின் பின்னால் போய்த் தோள் கொடுத்தாள். "போயிட்டு வாங்க" என்று சொல்ல வாயெடுத்து, 'வாங்க' என்பதை விழுங்கினாள். "போங்க" என்றாள். சக்கரம் பள்ளத்தை விட்டு ஏறியது.

படகுகளைக் கடலில் விடுவது எப்போதோ நின்றுவிட்டது. துறைமுகத்தில் ஓர் இயந்திரம் தன் இரும்புக் கையால் அவற்றை நொறுக்குகிறது. சுற்றுலாக்காரர்களிடம் இதைச் சொல்லாமல் கடல் பக்கம் கைகாட்டிவிடுவது நோபுயோவின் வழக்கம். அன்று கடைசி மூங்கில் முறியும் வரை பார்த்தாள். பிறகு படத்தை வாங்கிக்கொண்டு, துணைக்கு வருகிறேன் என்ற மசாதோஷியை அனுப்பிவிட்டுத் தனியே படியேறினாள்.

வளைவில் நின்றாள். தன் மூச்சைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைத் திறந்தபடியே வைத்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். படிகளில் ஒரு சத்தமும் இல்லை.

ஆறு மாதம் ஆவியோடு அச்சமின்றிக் குடித்தனம் நடத்தியவள், அன்றைக்குத்தான் முதன்முதலாக விளக்கை அணைக்கப் பயந்தாள்.