உப்பில்லாத புதுச் சோறு

புது சம்பா வந்ததும் முதல் சோற்றை அவர் வெறுமனே தின்று பார்ப்பார். உப்பு கிடையாது, குழம்பு கிடையாது, ஒரு சொட்டு மோர்கூடக் கிடையாது. அவர் என்றால் என் வீட்டுக்காரர். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன அரிசி ஆலை இருக்கிறது. தை பிறந்து அறுப்பு முடிந்தால் எங்களுக்கு நெல் விற்கிற ஊர்க்காரர்கள் மாதிரிக்கு ஆளுக்கொரு படி கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை அரைத்து, தனித்தனிப் பானையில் சோறாக்கி, எது யாருடையது என்று மூடியில் சாக்பீஸால் எழுதி வைப்பது என் வேலை. அவர் குளித்துவிட்டு வந்து வாழை இலைத் துண்டுகள் முன்னால் உட்காருவார். முதலில் ஆவியை மோந்து பார்ப்பார். ஒரு பருக்கையை விரலில் வைத்து நசுக்குவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். ஆறின பிறகு ஒரு வாய், மறுநாள் காலையில் தண்ணீர் ஊற்றிய சோற்றில் ஒரு வாய். எல்லாம் முடிந்து அவர் சொல்வது இரண்டில் ஒன்றுதான். “எடுத்துக்கலாம்” அல்லது “இந்தத் தடவை வேணாம்.” அந்த வார்த்தையை நம்பித்தான் வருஷம் முழுக்க எங்களிடம் அரிசி வாங்கினார்கள்.

ருசி பார்ப்பதற்கு முன்னால் சாமிக்குப் படைக்க வேண்டும். அதற்கு எங்கள் சொந்த வயல் நெல்லில் தனியாக ஒரு பானை வைப்பேன். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. படைத்த பிறகு அது பிரசாதம். பிரசாதத்தை நல்லது கெட்டது என்று சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. கோயில் பொங்கல் அடிப்பிடித்து வந்தாலும் இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கும்பிடுவார்.

ஒரு வருஷம் அறுப்பு நேரத்தில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஆற்றங்கரையில் குத்தகைக்கு நிலம் வைத்திருந்த ஒருவரை நாங்கள் படுகைக்காரர் என்றுதான் சொல்வோம். அவருடைய வயல் தண்ணீருக்குள் கிடந்து, பாதிதான் தேறியது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று திருப்பிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் எங்களிடம் வந்தார். அவர் அரிசி வேகும்போதே அடுப்பங்கரையில் ஈரத்தில் புழுங்கிப்போன நெல்லின் முக்கல் வாடை அடித்தது. அன்றைக்கு அவசரமோ என்னவோ, என் வீட்டுக்காரர் மூடியைப் பார்க்காமல் கையில் பட்ட பானையைத் தூக்கிக்கொண்டு பூஜை அறைக்குப் போய்விட்டார். மணியடித்து, கற்பூரம் காட்டி, இலையில் உட்கார்ந்து ஒரு வாய் போட்டதும்தான் அவருக்கே தெரிந்தது. எழுந்துபோய் மூடியைத் திருப்பிப் பார்த்தார். படுகைக்காரர் பெயர் இருந்தது.

“ஐயாறப்பா” என்று சொல்லிவிட்டு மறுபடியும் வந்து உட்கார்ந்தார். இலையில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

வாசலில் நின்ற படுகைக்காரர், “எப்படியிருக்குண்ணே?” என்றார்.

“சாமி சாப்பிட்டாச்சு. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது?”

ஆலையில் கூடமாட இருக்கும் என் கொழுந்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அண்ணே, சாமியே பாஸ் மார்க் போட்டுட்டாரு. மூட்டைய இறக்கச் சொல்லவா?”

“இறக்கு” என்றார் இவர்.

மூட்டைகள் இறங்கின. ஆனால் அதில் ஒரு படிகூட விற்கவில்லை. எங்கள் பெயரைச் சொல்லி அதை இன்னொருத்தர் வீட்டு உலையில் போடக் கூடாது என்றார். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் அந்தச் சோறுதான். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். நான் ரசத்தில் மிளகைக் கூட்டிப் போட்டுச் சமாளித்தேன். அவர் முகம் ஒருநாளும் சுளித்ததில்லை.

அவர் போன பிறகு வந்த முதல் தை இது. நான் அதிகம் அழவில்லை. விளக்கேற்றுகிறேன், சாமி பாட்டை வாய் சொல்கிறது, ஆனால் எதுவும் உள்ளே போகிற மாதிரி இல்லை. நாக்கும் அப்படியேதான். காபியும் கஷாயமும் எனக்கு ஒன்றாகத்தான் இருக்கின்றன. இந்த நிலையில், “நீங்க சொன்னாதான் ஆலை ஓடும் அண்ணி” என்று கொழுந்தனார் என்னை இலை முன்னால் உட்காரவைத்தார்.

முதலில் வந்திருந்தது படுகைக்காரருடைய நெல். இந்த வருஷம் நல்ல வெயில், நல்ல விளைச்சல். மெயின் ரோட்டில் வெளியூர் வியாபாரியின் லாரி நின்றது. அவன் ருசியெல்லாம் பார்ப்பதில்லை, அப்படியே ஏற்றிக்கொள்வான். ஆனாலும் படுகைக்காரர் எங்கள் வாசலில்தான் நின்றார். நான் ஒரு வாய் மென்றேன். பஞ்சைத் தின்கிற மாதிரி இருந்தது. இன்னொரு வாய் மென்றேன். அதுவும் அப்படித்தான்.

“நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க அண்ணி. பார்த்தாலே தெரியுதே” என்று கொழுந்தனார் மெதுவாகச் சொன்னார்.

தன் நாக்கு சொல்லாத எதையும் என் வீட்டுக்காரர் வாய் சொன்னதில்லை. எனக்கும் வாய் வரவில்லை. “எனக்கு ஒண்ணும் தெரியலைங்க. நீங்க லாரியிலயே போட்டுடுங்க” என்றேன்.

படுகைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். “லாரி நிக்கட்டும்க்கா. நாளைக்கு வர்றேன்.”

மறுநாளும் வந்தார். எனக்கு எந்த மாற்றமும் இல்லை. அதற்கடுத்த நாள் லாரி போய்விட்டது. அன்றைக்கும் நான் புதிதாக ஒரு பானை ஆக்கி வைத்திருந்தேன், அவரும் வந்து நின்றார். இவர் நெல்லை இனி எங்கே கொண்டுபோவார்? கொழுந்தனாரைக் கூப்பிட்டேன். “தம்பி, இனிமே நீங்கதான் பார்க்கணும். உக்காருங்க.”

“நானா? எனக்குப் பரோட்டா ருசிதான் தெரியும் அண்ணி” என்று பின்வாங்கினார். நான் இலையைப் போட்டேன். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். மோந்து பார்த்தார், நசுக்கினார், கண்ணை மூடிக்கொண்டு மென்றார். வாசலில் படுகைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

கண்ணைத் திறந்த கொழுந்தனார் முகத்தில் கேலி இல்லை.

“அரிசி நல்ல அரிசி, எடுத்துக்கலாம். ஆனா நீங்கதான் அண்ணி சரியா வேகவிடல. நடுவுல நறுக்கு நறுக்குங்குது.”

படுகைக்காரர் சத்தமாகச் சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கொழுந்தனார் மூட்டை இறக்க ஆள் கூப்பிடப் போனார். நான் பானையில் ஒரு செம்பு வெந்நீரை ஊற்றி, மறுபடியும் அடுப்பில் ஏற்றினேன்.