எண்ணெய்த் தலையும் சோப்பு முட்டையும்

என் ஆராய்ச்சிக்கூடத்துக்குக் குழந்தையை அழைத்து வரப்போகும் அம்மாக்களிடம் போனில் நான் முதலில் பேசுவது மூளையைப் பற்றி அல்ல, எண்ணெயைப் பற்றி. "முந்தின நாளே ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிடுங்க, ஒரு சொட்டு எண்ணெய்கூட வைக்காதீங்க" என்பேன். "சரிங்க டாக்டர்" என்பார்கள். மறுநாள் பாதிப் பேர் பிள்ளைக்கு வகிடெடுத்துப் படியச் சீவி, நெற்றியில் எண்ணெய் வழிய அழைத்து வருவார்கள். குழந்தைகளின் மூளையைப் படமெடுத்து, கோளாறான இடத்தைக் காந்தத் துடிப்பால் தட்டிக்கொடுத்துச் சரிசெய்ய முடியுமா என்று பார்ப்பது என் வேலை. எண்ணெய்த் தலையைக் கண்டால் கூட வேலை செய்பவர்களுக்குக் கோபம் வரும். எனக்குச் சிரிப்புத்தான் வரும். இந்தத் தப்பை எங்கள் வீட்டில் செய்த அளவுக்கு யாரும் சிரத்தையாகச் செய்திருக்க முடியாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தம்பி வாய் ஓயாமல் பேசுவான். பேசிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று நின்றுவிடுவான். கண் திறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டான். கொஞ்ச நேரத்தில் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வான். டீச்சர் கேள்வி கேட்கும்போது இப்படி நின்றால் அதற்குத் திமிர் என்று பெயர். அம்மா கூப்பிடும்போது நின்றால் அடி விழும். "காது கேக்குதா இல்லையாடா? எத்தனை தடவை கூப்பிடறது?" எதற்கு அடித்தார்கள் என்று தெரியாமல் அவன் விழிப்பான். அந்த முழியைப் பார்த்து அம்மாவுக்கு இன்னும் கோபம் வரும்.

காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் தலைமையாசிரியை அம்மாவை வரவழைத்தார். தஞ்சாவூரில் மூளை டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கிவர வேண்டும், இல்லாவிட்டால் மந்தமான பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அம்மா வீட்டுக்கு வந்து அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். தம்பியை எங்கோ அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கும் பயமாக இருந்தது. ஆனால் எனக்கு வேறொரு பயமும் இருந்தது.

தம்பி அப்படி நின்றுபோவதால் லாபம் அடைந்த ஒரே ஆள் நான்தான். அவன் நின்றதும் கையிலிருக்கும் தின்பண்டத்தில் பாதி என் வாய்க்குப் போய்விடும். திரும்பி வந்தவன் மிச்சத்தைப் பார்த்து, தானே தின்றுவிட்டதாக நினைத்துக்கொள்வான். பாதி முறுக்கு தின்ன எனக்குப் பத்து எண்ணும் நேரம் ஆகும். அவன் சாதாரணமாகப் பத்து, சில நாள் பன்னிரண்டு எண்ணும்வரை நிற்பான். அவசரமாகப் பசித்தால் அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தேன். பப்பாளித் தண்டைச் சோப்புத் தண்ணீரில் முக்கி ஊதி முட்டை விடுவது எங்கள் விளையாட்டு. விடாமல் வேகமாக ஊதச் சொன்னால் போதும், கொஞ்ச நேரத்தில் தண்டு வாயில் இருக்க அவன் நின்றுபோவான்.

இந்த லட்சணத்தில், "மெஷின்ல வச்சா தலைக்குள்ள இருக்கிறதெல்லாம் அப்படியே பேப்பர்ல எழுதிடுமாம்" என்று மாமா சொன்னார். மாமா அம்மாவின் தம்பி, வாடகைக்கு டிராக்டர் ஓட்டுகிறவர். நான் தின்ற முறுக்குகளெல்லாம் தேதிவாரியாக அந்தப் பேப்பரில் வரப்போகின்றன என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

வயலில் நடவு நடந்துகொண்டிருந்ததால் அப்பா வரவில்லை. மாமாதான் அழைத்துப் போனார். தலையைப் படமெடுக்கப் போகிறார்கள் என்று அம்மா கேள்விப்பட்டிருந்தாள். படமெடுக்கும் தலை பரட்டையாக இருக்கலாமா? விடியற்காலையில் அரைக் கிண்ணம் தேங்காய் எண்ணெயைத் தம்பியின் உச்சியில் ஊற்றித் தேய்த்தாள். வகிடெடுத்துச் சீவினாள். பவுடர் பூசினாள். கண் பட்டுவிடப் போகிறதென்று கன்னத்தில் பொட்டும் வைத்தாள். பொங்கலுக்குக்கூட அவன் அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், தலையில் ஒயர் ஒட்டும் அக்கா அவன் மண்டையில் விரலை வைத்தாள். விரல் வழுக்கிக்கொண்டு காதுவரை போனது.

"என்னம்மா இது? இதுல நான் பசை வச்சு ஒட்டுறதா, அப்பளம் பொரிக்கிறதா?"

"படம் பிடிக்கிறாங்களேன்னு…" என்றாள் அம்மா.

"தலைக்கு உள்ளே இருக்கிறதைத்தான் பார்ப்போம். மேல எப்படி இருந்தா என்ன? போயி நல்லா அலசிட்டு வாங்க. டாக்டர் கிளம்பிட்டாங்கன்னா அப்புறம் அடுத்த மாசம்தான்."

மாமா வெளியே ஓடி ஒரு சரம் ஷாம்பு பாக்கெட்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக் குழாயடியில் மூன்று தடவை தேய்த்தும் எண்ணெய் போகவில்லை. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று யோசனை சொன்னார்கள். ஒரு பெரியவர் சீயக்காய்தான் சரி என்றார். "வீட்ல கேக்காத பேச்சையெல்லாம் இங்க வந்து சொல்றாரு" என்று அவருடைய மனைவி இழுத்துக்கொண்டு போனார். ஐந்தாவது பாக்கெட்டில் தம்பியின் தலை சிலிர்த்துக்கொண்டு நின்றது. மாமா தன் துண்டால் துவட்டியதில் மாமாவே முக்கால்வாசி நனைந்துவிட்டார். தம்பிக்கு ஒரே கொண்டாட்டம்.

அக்கா அவனை நாற்காலியில் உட்காரவைத்து, சின்னச் சின்ன உலோக வில்லைகளைத் தலை முழுக்க ஒட்டினாள். மெஷினில் வரிசையாகப் பேனாக்கள். பேப்பர் ஓட ஓட அவை நெளிகோடு போட்டன. எழுத்து எதுவும் வரவில்லை என்பதில் எனக்குப் பாதி உயிர் வந்தது. ஆனால் கோடுகள் அடக்கமாகவே ஓடின. "வேகமா ஊது தம்பி, மூச்சை இழுத்து இழுத்து ஊது" என்றாள் அக்கா. அவன் வெட்கப்பட்டு இரண்டு முறை ஊதிவிட்டு வாயை மூடிக்கொண்டான். கெஞ்சிப் பார்த்தார்கள். மாமா அவன் கையில் பிஸ்கட்டைக் கொடுத்துப் பார்த்தார். அசையவில்லை.

டாக்டரம்மா வந்து பேப்பரைப் புரட்டினார். "ஒண்ணும் தெரியலையே. வீட்டுல எப்போ எப்போ வருது?"

அம்மா திணறினாள். "எப்பவாவதுங்க… சொல்பேச்சு கேக்கமாட்டான், அவ்வளவுதாங்க."

அந்தப் பதிலை எழுதிக்கொண்டு போனால் தம்பி விடுதிக்குப் போய்விடுவான். "ஷாம்புத் தண்ணி கொடுத்தா ஊதுவான்" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டரம்மா மட்டும், "கொடுத்துத்தான் பாப்போமே" என்றார். மீதியிருந்த பாக்கெட்டைத் தம்ளரில் பிழிந்து, மாமா ஜூஸ் கடையிலிருந்து ஸ்ட்ரா கொண்டுவந்தார். "மெஷின் மேல படாம" என்று அக்கா முணுமுணுத்தாள். நான் எப்போதும்போல், "நிறுத்தாம, நிறுத்தாம" என்று முடுக்கினேன். தம்பி ஊதினான். அறை முழுக்க முட்டைகள் மிதந்தன. ஒன்று டாக்டரம்மாவின் மூக்குக் கண்ணாடியில் பட்டு உடைந்தது. அடுத்த நிமிஷம் ஸ்ட்ரா வாயில் இருக்கத் தம்பி நின்றுபோனான். பேனாக்கள் அத்தனையும் ஒன்றாக எகிறிக் குதித்தன. பேப்பரில் கோடுகள் மலையும் பள்ளமுமாக ஒரே சீராக விழுந்தன.

நானும் என் வேலையைச் செய்தேன். யோசிக்கவே இல்லை, கை தானாகப் போனது. தம்பியின் கையிலிருந்த பிஸ்கட்டை எடுத்துப் பாதியைக் கடித்துவிட்டு மிச்சத்தை அவன் விரலிடுக்கில் திருப்பி வைத்தேன். நிமிர்ந்தபோது நான்கு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு நேரம் இப்படி இருப்பான்?" என்றார் டாக்டரம்மா.

வாயில் பிஸ்கட்டோடு, "பத்து எண்ணுற வரைக்கும். சில நாள் பன்னிரண்டு" என்றேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

இனி மறைத்துப் பயனில்லை. முறுக்கு, கடலைமிட்டாய், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாங்கும் தேன்மிட்டாய் என்று வரிசையாக ஒப்பித்தேன். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே எழுதினார். பிறகு அம்மாவிடம் திரும்பினார். "இது திமிரும் இல்ல, மந்தமும் இல்லம்மா. மூளையில மின்சாரம் கொஞ்ச நேரம் தடுமாறுது. அந்த நேரத்துல நீங்க கூப்பிட்டா அவனுக்குக் கேக்கவே கேக்காது. மாத்திரை கொடுத்தா சரியாகும். பள்ளிக்கூடத்துக்கு நான் எழுதித் தரேன். இவன் எங்கயும் போக வேணாம்." போகும்போது என் தலையில் தட்டி, "இனிமே எண்ணு, ஆனா திங்காதே" என்றார். எனக்கு இறக்கை முளைக்காத குறை.

திரும்பும்போது பஸ்ஸில் தம்பி ஜன்னலோரம், நடுவில் அம்மா, இந்தப் பக்கம் நான். மாமா பின்சீட்டில் குறட்டை. தம்பியின் கையில் வறுகடலைப் பொட்டலம். ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் அம்மா "தம்பி" என்று கூப்பிட்டாள். "என்னம்மா?" என்பான். "ஒண்ணுமில்லப்பா" என்பாள். நாலாவது தடவை அவனுக்கு அலுத்துவிட்டது. "சும்மா சும்மா எதுக்கும்மா கூப்பிடறே?" அம்மா சத்தமாகச் சிரித்தாள். முன்சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

கும்பகோணம் தாண்டியதும் மறுபடி கூப்பிட்டாள். பதில் இல்லை. பொட்டலம் சாய்ந்து கடலை அவள் மடியிலும் கீழேயும் கொட்டியது. நான் எண்ண ஆரம்பித்தேன். கடலையைத் தொடவில்லை. அம்மா அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், என்னோடு சேர்ந்து உதட்டை அசைத்து எண்ணினாள். பதினொன்றில் அவன் கண் திரும்பியது.

"வந்துட்டியாப்பா?"

"நான் எங்க போனேன்?" என்று சிரித்தான் அவன்.

அம்மாவும் சிரித்தாள். சிரிக்கும்போதே அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது, அவள் துடைக்கவும் இல்லை. தம்பி பிழைத்துக்கொண்ட நாளில் இவள் ஏன் அழ வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

"கடலை கொட்டிடுச்சேன்னா அழறே?" என்று கேட்டேன்.

"ஆமாண்டி, கடலைக்குத்தான்" என்றாள்.

நானும் அதை நம்பி, சீட்டுக்கு அடியில் குனிந்து, நன்னிலம் வரும்வரை ஒவ்வொரு கடலையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.