பிடிபடாதவன்

பக்கத்து வீட்டில் யாரோ சுருட்டுப் பற்றவைக்க, அந்த நெடியில் நீர்வேலிச் சுருட்டுக் கொட்டில் நினைவுக்கு வருகிறது. இப்போது அங்கே வாழைத்தோட்டம். சுருட்டுச் சுற்றுபவர்கள் கேட்பதற்காக நாள் முழுவதும் உரத்து வாசிப்பது என்னைப் பெற்ற ஐயாவின் வேலை. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய ஒரு மாரிகாலம் முழுவதும், தலைக்கு விலை வைக்கப்பட்ட ஒருவனை ஆகாயக் கப்பலில் நட்சத்திரம் நட்சத்திரமாகத் துரத்தும் வேட்டைக்காரனின் கதையை, ஓர் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துத் தமிழில், தொண்டை கட்டக் கட்டச் சொன்னார்.

"அண்ணை, அவன் பிடிபட்டிட்டானோ?" என்று குனிந்த தலை நிமிராமல் கேட்பார்கள்.

"இன்னும் இல்லை."

வீட்டுக்கு வந்தால் ஐயாவுக்குக் குரல் இருக்காது. நான் கதை கேட்டால் கையை மட்டும் அசைப்பார்.

இங்கிலீஷ் படித்த பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் பக்கத்திலேயே வேட்டைக்காரன் அவனைச் சுட்டுக் கொன்று, கதையும் முடிந்திருந்தது.